முதல் படம் மங்கலாகவே இருக்கட்டும்

போன வாரம் நம் லேப் குரூப்பில் ஒரு வீடியோவைப் போட்டுக் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொரு டைம்லாப்ஸ் வீடியோவிலும் முதல் படம் புகை மூட்டமாக இருக்கிறது, பேஷண்ட்டுக்குக் கொடுக்கும்போது அசிங்கமாகத் தெரிகிறது, அதை வெட்டிவிடலாமா என்று. 'முதல் படத்தை அழிக்காதே' என்று நான் கம்ப்யூட்டரில் எழுதி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறேன், ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் பதில் போட்டிருக்கலாம். போட்டால் கேட்பீர்கள், எனக்கும் தெரியும். ஆனால் காரணம் தெரியாமல் கேட்கிற விதி அவசரம் வரும்போது முதலில் பறந்துவிடும். ஓய்வு பெற்று ராஜா அண்ணாமலைபுரத்தில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம். முழுசாகவே எழுதுகிறேன். வெளியே டீ குடிக்கும்போது படியுங்கள், லேபுக்குள் போனைக் கொண்டுபோகாதீர்கள். போனைப் பற்றியும் இதில் வருகிறது.

வரவேற்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்ணும் குரூப்பில் இருக்கிறாள். அவளுக்காக, உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம்மிடம் வருகிற தம்பதிகளின் முட்டையையும் விந்தையும் லேபில் சேர்க்கிறோம். மறுநாள் காலை எத்தனை கருவாகியிருக்கிறது என்று பார்க்கிறோம். பிறகு ஒவ்வொரு தம்பதியின் கருக்களையும் ஒரு சின்னக் கண்ணாடித் தட்டில் வைத்து, வெதுவெதுப்பான பெட்டிக்குள் வளர்க்கிறோம். பெட்டிக்கு அடியில் மைக்ராஸ்கோப்பும் கேமராவும் இருக்கின்றன. கம்ப்யூட்டரில் பெயரையும் இடைவெளியையும் கொடுத்துவிட்டால், சாஃப்ட்வேர் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை தானாகப் படம் எடுத்து அடுக்கிக்கொண்டே போகும். படங்களைச் சேர்த்து ஓட்டினால் ஒன்று இரண்டாவதும் இரண்டு நாலாவதும் வீடியோவாகத் தெரியும்.

நான் சொல்லப்போகிற காலத்தில் தி. நகரில் நம் பழைய கட்டடத்தில் இருந்த பெட்டி சின்னது. உள்ளே இரண்டே தட்டு வைக்கலாம், இடது ஒன்று, வலது ஒன்று.

என்னைப் பற்றி ஒன்று. நான் சுபாவத்திலேயே பயந்தாங்கொள்ளி. கேஸை அணைத்தேனா என்று மயிலாப்பூர் குளம் வரை வந்த பிறகு ஆட்டோவைத் திருப்பச் சொல்லி வீட்டுக்குப் போய்ப் பார்த்தவள். லேபில் எல்லோருக்கும் அது கேலி. எனக்கு மட்டும் அது பெருமையாக இருந்தது, இவ்வளவு பயப்படுகிறவள் தப்புப் பண்ண மாட்டாள் என்று. அந்தப் பெருமையும் ஒரு முட்டாள்தனம்தான்.

அன்று வெள்ளிக்கிழமை. நம் ஊரில் வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகுகாலம். புத்தகத்தில் எங்கும் எழுதாத ஒரு வழக்கம் நம் லேபில் இருந்தது. கருவைப் பெட்டியில் வைப்பதுதான் பிள்ளைக்கு ஆரம்பம் என்று குடும்பங்கள் நினைத்தன. அதனால் பத்தரைக்கு முன்னால் வைத்துவிடுங்கள் என்று கேட்பார்கள். பெரிய டாக்டரும் "அதனால நமக்கென்ன கெட்டுப்போறது, வெச்சுக் குடுத்துடுங்கோ" என்று சொல்லிவிட்டார். ஆக வெள்ளிக்கிழமை காலை வேலை முழுவதும் பத்தரைக்குள் நசுங்கும்.

அன்று இரண்டு தம்பதிகள். ஒருத்தி சுபா. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், தி. நகரில் ஜவுளிக்கடை. மாமியார் கூடவே வந்து பஞ்சாங்கம் இல்லாமலே நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொருத்தி கலா. சிந்தாதிரிப்பேட்டையில் அவள் கணவர் முருகன் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கலாவுக்கு நாற்பத்தொன்று. இது மூன்றாவது முறை, இதற்கு மேல் முட்டை கிடைக்காது என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். சுபாவுக்கு ஐந்து கரு, கலாவுக்கும் ஐந்து. எண்ணிக்கையாவது வேறாக இருந்திருக்கக் கூடாதா என்று அன்று எத்தனை தடவை நினைத்தேன் என்று சொல்ல முடியாது.

பெயரைத் தட்டில் எழுத வேண்டும், மூடியில் எழுதக் கூடாது என்பது நம் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது. மூடி கழன்றுவிடும், தட்டு அங்கேயே இருக்கும். ஆனால் டைம்லாப்ஸ் கேமரா அடியிலிருந்து பார்க்கிறது. அடியில் எழுதின மை படத்தின் ஓரத்தில் கறுப்பாக விழுந்தது. வீடியோ அழகாக வர வேண்டும் என்று பெயரை மூடிக்கு மாற்றினோம். மாற்றச் சொன்னது மேலிடம் இல்லை, நான்தான்.

பத்து மணிக்கு நானும் என் ஜூனியர் வினோதினியும் கருக்களைப் பழைய தட்டுகளிலிருந்து புதுத் தட்டுகளுக்கு மாற்றினோம். ஒருத்தி மாற்ற, இன்னொருத்தி பக்கத்தில் நின்று பெயரைப் படித்துச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டோம். அதுவரை எல்லாம் ஒழுங்கு. சுபாவுடையதை இடது பக்கமும் கலாவுடையதை வலது பக்கமும் வைத்தேன். சாஃப்ட்வேரில் பெயர்களைக் கொடுத்து, ஓட விட்டேன். பழைய தட்டுகள் குப்பைக்குப் போயின.

முதல் படம் வந்தது. இரண்டும் புகை. ஏசி பக்கம் அலமாரியில் கிடந்த மூடிகள் சில்லென்று இருந்திருக்கின்றன. பெட்டியின் ஈரக் காற்று பட்டதும் வேர்த்துவிட்டன. விளக்கு வெளிச்சம் மேலிருந்து மூடி வழியாக வர வேண்டும், மூடி வேர்த்தால் படம் மங்கும். இது அடிக்கடி நடப்பதுதான். தட்டுகளை வெளியே எடுத்து, மூடிகளைச் சூட்டுப் பலகையில் கவிழ்த்து ஒரு நிமிஷம் வைத்தால் சரியாகிவிடும். கவிழ்த்து என்பதைக் கவனியுங்கள். மேல் பக்கம் எழுதின பெயர் கீழே போய்விடுகிறது.

வினோதினி அப்போது பக்கத்தில் இல்லை. சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டாயிற்று என்று வெளியே போயிருந்தாள். நான் இரண்டு தட்டையும் எடுத்தேன். இரண்டு மூடியையும் கவிழ்த்தேன். பெயர் இல்லாத இரண்டு தட்டு, முகம் தெரியாத இரண்டு மூடி. எது எந்தப் பக்கம் என்பது என் தலைக்குள் மட்டும் இருந்தது.

சிஸ்டர் ஜன்னலைத் தட்டினார். "மேடம், பத்து இருபத்தஞ்சு. ஜவுளிக்கடை அம்மா கேட்டுக்கினே இருக்காங்க. வச்சாச்சா இல்லையா?"

"வச்சாச்சு, வச்சாச்சு" என்று திரும்பிச் சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது. திரும்பினேன், பதில் சொன்னேன், மறுபடி பலகைப் பக்கம் வந்தேன். மூடிகளை எடுத்து மூடினேன். சுபா என்று எழுதியிருந்ததை இடதில் வைத்தேன், கலா என்று எழுதியிருந்ததை வலதில் வைத்தேன். சாஃப்ட்வேரை மறுபடி ஓட விட்டேன். அதே பெயரில் பழைய படம் இருக்கிறது, அதன் மேலேயே எழுதட்டுமா என்று கேட்டது. அந்தப் புகைப் படம் யாருக்கு வேண்டும். ஆமாம் என்று அழுத்தினேன். பத்து இருபத்தொன்பது.

பத்து முப்பத்தொன்பதுக்கு அடுத்த படங்கள் வந்தன. கண்ணாடி மாதிரி தெளிவு. வலது பக்கம், கலாவின் தட்டில், ஒரு கருவின் ஓடு உருண்டையாக இல்லாமல் வேர்க்கடலை மாதிரி கொஞ்சம் நீண்டிருந்தது. அதன் பக்கத்துக் கருவுக்குள் ஒரு கறுப்புப் புள்ளி. அப்படி இருப்பதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் நீண்ட கருவைக் காலையிலேயே நான் பார்த்திருந்தேன். கருவாகியிருக்கிறதா என்று எண்ணும்போது பார்த்து, 'ஓ, இது ஒரு தினுசு' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டது ஞாபகம் இருந்தது.

யாருடைய தட்டில் பார்த்தேன்?

ஞாபகம் வரவில்லை. காலைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். பத்துக் கருவுக்கும் 'நார்மல்' என்று டிக் போட்டிருந்தேன். குறிப்பு எழுதும் கட்டம் காலியாக இருந்தது, அவசரத்தில் எழுதவில்லை. சரி, மூடியைத் திறப்பதற்கு முன் எடுத்த முதல் படத்தில் மங்கலாகவாவது நீளம் தெரியுமே என்று ஃபோல்டரைத் திறந்தேன். அது பத்து இருபத்தொன்பதின் படம். மங்கலான படத்தை நானே அழித்திருந்தேன்.

மூடிகளை மாற்றி மூடினேனா? கையை நீட்டிப் பார்த்தேன், எந்தப் பக்கம் திரும்பினேன், எந்தக் கையால் எடுத்தேன் என்று வெறும் காற்றில் நடித்துப் பார்த்தேன். நாலு தடவை நடித்தேன், நாலு தடவையும் வேறு வேறு மாதிரி வந்தது. பெட்டி தன்பாட்டுக்கு 'க்ளிக்' என்று அடுத்த படத்தை எடுத்தது.

நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மூடியில் பெயர் இருக்கிறது. பெட்டியில் இடம் சரியாக இருக்கிறது. சாஃப்ட்வேரில் பெயர் சரியாக இருக்கிறது. பதிவேட்டில் இரண்டு கையெழுத்து இருக்கிறது. எல்லாம் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்துகின்றன. அப்படியே விட்டால் ஒரு பெண் இன்னொருத்தியின் பிள்ளையைச் சுமப்பாள், உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும் நிச்சயமாகத் தெரியாது, சந்தேகம் மட்டும் இருக்கும்.

வினோதினியைக் கூப்பிட்டேன். "காலையில ஒரு கரு நீளமா இருந்துச்சே, அது யாரோடது?"

அவள் யோசித்தாள். "ஞாபகம் இல்ல மேடம். ஏன்?"

சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. பிறகு கையைப் பிசைந்துகொண்டு, "மேடம், திட்டாதீங்க" என்றாள். "காலையில அந்த ஜவுளிக்கடை அம்மா சிஸ்டர்கிட்ட கெஞ்சினாங்களாம், ராகுகாலத்துக்கு முன்னாடி பிள்ளையோட முகத்த ஒரு தடவை பார்க்கணும்னு. சிஸ்டர் என்னைக் கேட்டாங்க. நான் மைக்ராஸ்கோப்புல கண் வைக்கிற இடத்துல போனை வச்சு ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்தேன். பழைய தட்டுல இருக்கும்போதே எடுத்தது."

லேபுக்குள் போன் கொண்டுவரக் கூடாது என்பது என் விதி. வேறு நாளாக இருந்தால் அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அன்று அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. "காட்டு" என்றேன்.

"மாட்டிக்குவேன்னு அழிச்சுட்டேன் மேடம். அந்த அம்மா போன்ல மட்டும்தான் இருக்கும்."

அந்த அம்மா எங்கேயும் போயிருக்கவில்லை. ராகுகாலத்தில் வெளியே கிளம்பக் கூடாது என்று மருமகளோடு கீழே ஹாலில் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு அடித்ததும் கிளம்பிவிடுவார். அப்போது மணி பதினொன்று ஐந்து.

முதலில் பெரிய டாக்டரிடம் போனேன். மயிலாப்பூர்க்காரர், என்னை இருபது வருஷமாகத் தெரிந்தவர். முழுவதையும் கேட்டுவிட்டு, "உக்காரும்மா மொதல்ல" என்றார். "நீ மாத்தியிருக்க மாட்டே. இத்தனை வருஷத்துல ஒரு தடவை மாத்தியிருக்கியா? கேஸை அணைச்சோமா இல்லையான்னு பாதி வழிலேர்ந்து திரும்பி வர ஆளு நீ. எதையாவது நெனச்சுண்டு பயந்துண்டே இருப்பே. இதுவும் அதுதான்."

எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா அந்த வார்த்தை. ஒரு நிமிஷம் அதில் சாய்ந்துகொள்ளப் பார்த்தேன். அவர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே என்னை நம்பினார். உங்களையும் ஒரு நாள் இப்படி யாராவது நம்புவார்கள். அன்றைக்குத்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

"சார், கேஸ்னா திரும்பிப் போய்ப் பார்த்தா தெரிஞ்சிடும்" என்றேன். "அதனாலதான் போய்ப் பார்க்கறேன். இதுல திரும்பிப் போய்ப் பார்க்க இடமே இல்ல. அந்த அம்மா போன் ஒண்ணுதான் இருக்கு."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அவாகிட்ட போய்க் கேட்டா ஏன்னு கேப்பா. சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா? உன் சந்தேகம் வெறும் சந்தேகமாவே இருந்துட்டா, ரெண்டு குடும்பம் ஆயுசுக்கும் நிம்மதி இல்லாம திரியும்."

"ரெண்டையும் விட்டுட்டு மறுபடி ஆரம்பிக்கலாமா சார்?"

"கலாவுக்கு ஆரம்பிக்க என்ன இருக்கு?" என்றார். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே தெருவில் மெட்ரோ வேலைக்காகப் போட்ட தகரத் தடுப்புக்கு இந்தப் பக்கம் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன. கடைசியில், "போய்க் கேளு. நானும் வரட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். மூடியைத் திறந்தது என் கை.

ஹாலுக்குப் போகும்போது பதினொன்று நாற்பது. மாமியார் என்னைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்க மேடம். பன்னெண்டு ஆனதும் கிளம்பிருதோம். பிள்ளைய நல்ல நேரத்துல வச்சுட்டீயள்லா?"

"அம்மா, காலையில உங்களுக்கு ஒரு போட்டோ வந்துச்சில்ல, அது இருக்கா?"

அவர் பயந்துவிட்டார். "அதை யார்ட்டயும் காட்டக் கூடாதுன்னுல்லா அந்த சிஸ்டர் சொல்லிச்சு."

"பரவால்லம்மா. எனக்கு அது வேணும்."

"எதுக்கு?"

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். 'ரெக்கார்டுக்கு' என்று நான் சொல்லியிருந்தால் உடனே கொடுத்திருப்பார். நான் மேலே போய்ப் பார்த்திருப்பேன். மாறியிருந்தால் நானும் வினோதினியும் மூடியை மாற்றியிருப்போம், மாறவில்லை என்றால் பெருமூச்சு விட்டிருப்போம். வேலை போகாது, கெட்ட பெயர் வராது, யாருக்கும் தூக்கம் கெடாது. அந்த வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் நல்லவள் என்பதால் அதை விழுங்கவில்லை. ஒரு தடவை யாரும் பக்கத்தில் இல்லாமல் தனியாக ஒரு காரியம் பண்ணித்தான் இந்த நிலைமைக்கு வந்தேன். மறுபடியும் தனியாகவே அதைச் சரி பண்ணினேன் என்றால், அதையும் சரியாகப் பண்ணினேனா என்று யார் சொல்வது? அந்தப் பயம்தான் என்னைப் பேச வைத்தது.

"உங்க தட்டும் இன்னொருத்தங்க தட்டும் மாறியிருக்கலாமோன்னு எனக்குச் சந்தேகம் வந்திருக்கு. மூடியைக் காய வைக்கும்போது நான் மாத்தி மூடியிருக்கலாம். அந்த போட்டோவைப் பார்த்தா தெரிஞ்சிடும்."

மாமியார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதுவரை வாயே திறக்காமல் இருந்த சுபாதான், "மாறியிருந்தா?" என்று கேட்டாள்.

"இப்பவே சரி பண்ண முடியும். போட்டோ இருந்தா."

மாமியாருக்கு அவசரத்தில் போன் திறக்கவில்லை. சுபா வாங்கித் திறந்தாள். படம் அவர்கள் குடும்பக் குரூப்பில் இருந்தது. யாரிடமும் காட்டக் கூடாத படத்தைத் திருநெல்வேலி வரைக்கும் அனுப்பியிருந்தார், கீழே வரிசையாகச் சொந்தக்காரர்கள் கும்பிடு போட்டிருந்தார்கள். வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

படத்தில் ஐந்து கரு இருந்தது. அதில் ஒன்று நீளமாக இருந்தது. இன்னொன்றில் கறுப்புப் புள்ளி.

போனோடு மேலே ஓடினேன். டாக்டர், வினோதினி, நான் மூன்று பேரும் ஸ்க்ரீன் முன்னால் நின்றோம். வலது பக்கம், கலாவின் பெயருக்குக் கீழே, நீளமானதும் இருந்தது, புள்ளி வைத்ததும் இருந்தது. இடது பக்கம் சுபாவின் பெயருக்குக் கீழே ஐந்தும் உருண்டை. பத்தையும் வரிசையாக மூன்று தடவை பார்த்தோம்.

"மாத்தியிருக்கே" என்றார் டாக்டர். திட்டுகிற குரல் இல்லை, மெதுவாகத்தான் சொன்னார்.

மூன்று பேர் பார்க்க மூடிகளை மாற்றி மூடி, தட்டின் விளிம்பிலேயே ஊசியால் பெயரைக் கீறினோம், படத்தில் விழாத இடத்தில். இன்றைக்கும் நீங்கள் கீறுகிறீர்களே, அது அன்று ஆரம்பித்தது. அப்படிக் கீறலாம் என்று அதற்கு முந்தின நாள்வரை யாருக்கும் தோன்றவில்லை. பன்னிரண்டு பத்துக்கு எல்லாம் சரியான இடத்தில் இருந்தது.

கீழே போய்ச் சொன்னேன். மாமியார் ரொம்ப நேரம் புடவை முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான்தான் அவசரப்படுத்திட்டேன்" என்றார்.

"அவசரம் உங்களோடது. கை என்னோடதும்மா" என்றேன். சுபா என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாளே தங்கள் கருக்களை வேறு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ராகுகாலம் முடிந்து அரை மணி நேரம் ஆகியும் அவர்கள் ஹாலிலேயே உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

இத்தோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். கலாவும் முருகனும் காலையிலேயே வீட்டுக்குப் போயிருந்தார்கள். போன் பண்ணி வரச் சொன்னேன். வெயிலில் பைக்கில் இரண்டு மணிக்கு வந்து சேர்ந்தார்கள். டாக்டர் அறையில் வைத்து நானே சொன்னேன்.

முருகன் எழுந்துவிட்டார். "இன்னா மேடம் சொல்றீங்கோ? எங்க புள்ள அவங்க பேர்ல கெடந்துச்சா? இது இன்னா பஸ்ஸுல பை மாறுற மாதிரியா கீது?"

அவர் இன்னும் கொஞ்ச நேரம் பேசினார். பேசினதில் எதுவும் அநியாயம் இல்லை. கலா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "எவ்ளோ நேரம் மாறி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"ஒண்ணே முக்கால் மணி நேரம்."

"எப்டி கண்டுபுடிச்சீங்கோ?"

"அவங்க தட்டைக் காலையில ஒரு போட்டோ எடுத்திருந்தாங்க. அதுல ஒண்ணு நீளமா இருந்துச்சு, இன்னொண்ணுல கறுப்புப் புள்ளி. அதை வச்சு."

கலா யோசித்தாள். "எங்களுத எடுக்கலியா?"

எடுக்கவில்லை. அவள் கேட்கவில்லை, அதனால் எடுக்கவில்லை. நல்ல நேரத்தில் வை என்றும் கேட்கவில்லை, முகத்தைக் காட்டு என்றும் கெஞ்சவில்லை. ஊசி போட்ட இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டு சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தாள். "இல்ல" என்றேன்.

"அப்போ எங்களுதுன்னு எப்டி சொல்றீங்கோ?"

"அது அவங்களோடது இல்ல. அதனால உங்களோடது" என்றேன்.

என் வாயிலிருந்து வந்த அந்த வாக்கியம் எனக்கே காதில் கேட்டது. மிச்சம் மீதியைக் கொடுக்கிற மாதிரி. நாற்பத்தொரு வயசில், கடைசித் தடவையாக வந்த ஒருத்திக்கு, அவளுடைய ஐந்தையும் காட்ட ஒரு படம் கூட நான் வைத்திருக்கவில்லை. மாற்றி மூடியதைவிட இதுதான் என்னை அதிகமாகக் குத்தியது. மூடியை மாற்றியது கை. இது அப்படி இல்லை.

டாக்டர் மரபணுச் சோதனை பண்ணிப் பார்த்துவிடலாம் என்றார். அதற்குக் கருவை ஐந்து நாள் வளர்த்து, ஊசியால் சில செல்களை எடுக்க வேண்டும், எல்லாக் கருவும் ஐந்து நாள் தாக்குப்பிடிக்காது என்பதையும் சொன்னார். கலா வேண்டாம் என்று தலையாட்டினாள். "இருக்குறதே அஞ்சு. அதுங்கள குத்த வேணாம் சார்." மூன்றாம் நாளே கருப்பையில் வைத்துவிடுவது என்று முடிவானது.

திங்கட்கிழமையிலிருந்து மூன்று மாதம் எனக்கு லேபுக்குள் போக அனுமதி இல்லை, ரெக்கார்ட் ரூமில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் நடந்ததை மறைக்காமல் மேலே எழுதிக் கொடுத்தார். திரும்பி வந்ததும் நான் செய்த முதல் வேலை, எவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் எல்லாருடைய கருவையும் மாற்றுவதற்கு முன்னால் லேப் கேமராவில் படம் எடுக்க வைத்தது. இரண்டாவது வேலை அந்தச் சீட்டை ஒட்டியது. மங்கலான படத்தில்தான் நாம் மூடியைத் திறப்பதற்கு முன் என்ன இருந்தது என்பது இருக்கிறது. புதுத் தட்டை நாம் தொடுவதற்கு முன்னால் எடுத்த ஒரே படம் அது. அசிங்கமாக இருக்கிறது என்று பேஷண்ட் கேட்டால், மூடி வேர்த்திருந்தது என்று சொல்லிவிடுங்கள்.

அதன் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சுபா குடும்பம் போன இடத்தில் சோதனை பண்ணிப் பார்த்து, அவர்களுடையது அவர்களுடையதுதான் என்று தெரிந்ததும் மாமியாரே டாக்டருக்குப் போன் பண்ணிச் சொன்னார். கலாவுக்கு முதலில் வைத்தது நிற்கவில்லை. உறைய வைத்திருந்ததில் ஒன்று அடுத்த வருஷம் நின்றது. பெண் குழந்தை, இப்போது ஸ்கூலுக்குப் போகிறாள். காது அப்படியே முருகன் காது.

ஆனால் நான் சொல்ல நினைத்தது இந்தச் சந்தோஷச் செய்தியை அல்ல. அந்த வெள்ளிக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமையை.

கருவை வைக்கிற அன்று என்னை விட்டுவிட்டு வேறு ஆளைக் கூப்பிடலாம் என்று டாக்டர் சொன்னார். கலாதான், "அவங்களே இருக்கட்டும்" என்றாளாம். ஆபரேஷன் தியேட்டர் கவுனோடு லேப் வாசலில் வந்து நின்றாள். "மேடம், நான் ஒரு தபா பாக்கலாமா?" என்று கேட்டாள்.

பேஷண்ட் லேபுக்குள் வரக் கூடாது. இதுவும் என் விதிதான். வினோதினி என்னைப் பார்த்தாள். நான் கலாவுக்குத் தொப்பியும் முகமூடியும் கொடுத்து உள்ளே அழைத்துவந்து மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தேன். எங்கே கண் வைக்க வேண்டும், எதைத் திருப்ப வேண்டும் என்று காட்டினேன். சந்தோஷத்தில் பார்க்கிறாள், அழப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டு பின்னால் நின்றேன்.

அவள் அழவில்லை. ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று உதடு அசைந்தது. ஐந்தாவதிடம் ரொம்ப நேரம் நின்றாள். பிறகு முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். அவள் எதைத் தேடுகிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நீட்டு எதுவும் இல்ல. புள்ளியும் இல்ல" என்றாள். "அஞ்சும் ரவுண்டாத்தான் கீது. வைங்க."